எந்த ரோன் ஊத்துறீங்க? பம்ப் பக்கத்துல நடந்ததைச் சொல்லுங்க

கெப்போங் வாசி

காடிக்கு ஊத்துற பெட்ரோல் எண்ணெய் ரோன் 95-ஆ 97-ஆன்னு இங்க பலமுறை பேசியாச்சு. ஆனா போன மாசம் பார்த்தது மனசை விட்டுப் போகல, அதான் எழுதுறேன்.

கெப்போங்ல எண்ணெய் ஊத்த நின்னேன். பக்கத்து பம்ப்ல ஒரு அம்மா, அறுபது வயசுக்கு மேல இருக்கும், பழைய அக்சியா கார். கசங்கின பத்து வெள்ளி நோட்டுங்களை நீவி நீவி எண்ணிக் கவுண்டர்ல கட்டிட்டு வந்து 97 ஊத்துறாங்க. கண்ணு மீட்டரை விட்டு நகரல. "ஏம்மா, இந்தக் காடிக்கு 95 போதுமே"ன்னு கேட்டேன். "இல்ல தம்பி, 95 ஊத்தினா எஞ்சின் சீக்கிரம் போயிடும்னு காடி ரிப்பேர் பண்ற போமன் சொல்லிட்டாரு. பேரனைப் பள்ளிக்கூடத்துல விடுறதே இந்தக் காடிதான், நடு ரோட்டுல நின்னுட்டா நான் என்ன செய்வேன்?"

டேஷ்போர்ட் டிராயரைத் திறக்கச் சொன்னேன். புத்தகம் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காம கிடந்துச்சு. எண்ணெய் பக்கத்தை எடுத்து 95-ன்னு இருந்த வரியைக் காட்டினேன். விரலை வெச்சு மெதுவா படிச்சாங்க. மறுபடியும் முதல்ல இருந்து படிச்சாங்க. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்போ இத்தனை நாளா நான் கட்டின காசு?"

என்ன பதில் சொல்றது? 2025 செப்டம்பர் 30-ல பூடி95 பெட்ரோல் மானியத் திட்டம் தொடங்கினப்போ மைகாட் அடையாள அட்டை வெச்சிருக்கிறவங்களுக்கு 95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மாசத்துக்கு 300 லிட்டர். அப்போ 97 மூணு வெள்ளிக்கு மேல. அந்த அம்மா மைகாட் பர்ஸ்லயே இருந்துச்சு. தெரியாத ஒருத்தர் வாயால சொன்னது, மாசாமாசம் ஒரு பாட்டி கையில இருந்து காசைப் பிடுங்குது. வயிறு எரியுது.

புக்கிட் மெர்தாஜாம் மணி

அண்ணே, அந்த அம்மா விஷயத்துல நீங்க செஞ்சது நல்லது. ஆனா படிக்கிறவங்க 'எல்லா காடிக்கும் 95 போதும்'னு எடுத்துக்கக் கூடாது. என் மச்சான் ரீகான் காடி ஒண்ணு வாங்கினாரு, ஜப்பான்ல ஓடி இங்க வந்து விக்கிற பழைய டர்போ வேகன். டுரியான் சீசன்ல பாலிக் புலாவ் போலாம்னு கிளம்பினோம். பாயா தெருபோங் தாண்டி ஜாலான் துன் சார்டோன் ஏத்தம் தெரியும்ல, வளைஞ்சு வளைஞ்சு போகும். நாலு பேரு, ஏர்கோன் முழுசா ஓடுது. பாதி ஏத்தத்துல மச்சான் மிதிக்கிறாரு, காடி இழுக்கல. பானட்டுக்குள்ள இருந்து, தகர டப்பாவுல சின்னக் கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி ஒரு சத்தம். "ரோட்டுக் கல்லு அடியில படுது"ன்னு அவர் சொல்றாரு. காலை எடுத்தா சத்தம் நின்னுடுது, மிதிச்சா வருது. கல்லு எப்படி அவர் காலைப் பார்த்து அடிக்கும்?

டுரியான் கடை முன்னால நிறுத்தி எண்ணெய் மூடியைத் திறந்தேன். ஜப்பான் எழுத்துல ஒரு ஸ்டிக்கர். போன்ல காட்டிப் பார்த்தா பிரீமியம் எண்ணெய்தான் ஊத்தணும்னு இருக்கு. ஜப்பான்ல ரெண்டே வகை. சாதாரணத்துக்குக் குறைஞ்சது ரோன் 89, பிரீமியத்துக்குக் குறைஞ்சது 96. நம்ம 95 அந்த ரெண்டாவது வகைக்கு எட்டல. வித்தவரு சாவியைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லல. அப்புறம் 97 ஊத்தி அதே ஏத்தம் ஏறினோம். சத்தம் இல்ல. அந்தச் சத்தத்தோடயே இன்னும் எத்தனை ரீகான் காடி ஓடுதோ.

ஜெலுத்தோங் போமன் மகன்

அந்தச் சத்தத்தைப் பத்தி எழுதினதும் அப்பா ஞாபகம் வந்துடுச்சு. ஜெலுத்தோங்ல சின்ன வெர்க்‌ஷாப் வெச்சிருந்தாரு. 2009-ல ரோன் 92 நின்னு 95 வந்தப்போ, பழைய இஸ்வாரா காடி வெச்சிருந்த ஒரு அங்கிள் வந்து, "புது எண்ணெய் ஊத்தியும் ஒரு வித்தியாசமும் தெரியலயே"ன்னு கேட்டாரு. அப்பா சிரிக்கல, திட்டல. எஞ்சினை ஓட விட்டு, பொறி விழற நேரத்தை மாத்துற டிஸ்ட்ரிபியூட்டர் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, துணியைச் சுத்தின கையால அதை மயிரிழை மயிரிழையா திருப்பினாரு. தலை சாஞ்சிருக்கு, கண்ணு மூடியிருக்கு. ஒரு இடத்துல எஞ்சின் மூச்சு மாறுறது எனக்கே கேட்டுச்சு. அங்க நிறுத்தி நட்டை இறுக்கினாரு. "எண்ணெய் தாங்குறேன்னு சொல்லுது, நாமதான் எஞ்சினுக்கு அதைச் சொல்லணும்"னு அங்கிள்கிட்ட சொன்னது இன்னும் காதுல இருக்கு. அப்பா இப்போ இல்ல. இந்தக் கால காடியில திருப்புறதுக்கு அந்த டிஸ்ட்ரிபியூட்டரும் இல்ல.

கிராப் ஓட்டுநர் – பிரிக்பீல்ட்ஸ்

என் அனுபவம் சின்னது. பங்சார்ல இருந்து கேஎல்ஐஏ போன ஒரு பயணி, அமெரிக்கா வீடியோ ஒண்ணைக் காட்டி, "அங்க 87 ஊத்தி எல்லாரும் ஓட்டுறான், நம்ம ஊர்ல 95 கொடுத்து ஏமாத்துறான்"னு வழி நெடுக ஒரே வாதம். நான் சொன்னதைக் கேட்கவே இல்ல. அவருக்குச் சொல்ல முடியாததை இங்க சொல்லிடுறேன், கொஞ்சம் நீளும்.

அமெரிக்கா பம்ப்ல போட்டிருக்கிறது ரோன் இல்ல. ரோன், மோன்னு ரெண்டு சோதனை இருக்கு, அதுங்களோட சராசரிதான் அந்த எண். அங்க 87-னா நம்ம கணக்குல ரோன் 91, 92 கிட்ட. அங்க பிரீமியம்னு விக்கிற 91 நம்ம 95-க்குப் பக்கத்துல வரும். ரெண்டு ஊர் எண்ணை நேருக்கு நேர் வெச்சுப் பார்க்கவே கூடாது.

அடுத்தது, 97 "ஸ்ட்ராங்" எண்ணெய்னு நினைக்கிறவங்களுக்கு. ரோன் சக்தியை அளக்கிற எண் இல்ல. ஐசோ ஆக்டேன்ங்கிற திரவத்துக்கு 100, ஹெப்டேன்ங்கிற திரவத்துக்கு 0-ன்னு வெச்சுக்கிட்டு, ஒத்தை சிலிண்டர் எஞ்சின்ல நிமிஷத்துக்கு 600 சுத்துல ஓட்டி அளக்கிறாங்க. சிலிண்டருக்குள்ள அழுத்தமும் சூடும் ஏறும்போது, பிளக் பத்தவெச்ச நெருப்பு வந்து சேருறதுக்கு முன்னாடி தானா வெடிக்காம எவ்வளவு தாங்குதுங்கிறதுதான் அந்த எண். தாங்க முடியாம வெடிச்சா வர்ற சத்தம்தான் மணி அண்ணனோட மச்சான் காடியில கேட்டது. 95-க்குன்னு செஞ்ச எஞ்சின்ல 97 ஊத்தினா கெடுதல் ஒண்ணும் இல்ல, பெருசா லாபமும் இல்ல. அதுக்கு மேல தாங்குற எண்ணெயை வெச்சு அந்த எஞ்சின் என்ன செய்யும்?

97 கேட்கிற காடியில 95 ஊத்தினா உடனே வெடிச்சுச் சிதறாது. இப்போ வர்ற காடியில நாக் சென்சார் இருக்கு. அது எஞ்சினுக்குள்ள இப்படி வெடிச்சு அடிக்கிறதைக் கண்டுபிடிச்சு பொறி விழற நேரத்தைப் பின்னால தள்ளிடும். எஞ்சின் பிழைச்சுக்கும், ஆனா இழுவை குறையும், மிதிக்க மிதிக்க எண்ணெய் கூடக் குடிக்கும். லிட்டர்ல மிச்சம் பிடிச்ச காசு அங்க போயிடும். மணி அண்ணன் கேஸ்லயும் 97-ன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி கார்பன் படிஞ்சிருக்கா, பிளக் சரியான வகையான்னு பார்த்திருக்கணும். கார்பன் ஏறின எஞ்சின் 95-க்கான காடியா இருந்தாலும் அடிக்கும்.

இன்னொண்ணு. டேங்க்ல பாதி 95, பாதி 97 கலந்தா எதுவும் ஆகாது, நடுவுல ஒரு எண்ணு வரும், அவ்வளவுதான். ரோன் எண்ணை ஏத்தும்னு விக்கிற ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீங்க. அந்தக் காசுக்கு ஏர் பில்டரை மாத்துங்க, டயர்ல காத்து பாருங்க.

புக்கிட் மெர்தாஜாம் மணி

தம்பி, பிளக் புதுசு. எண்ணெயை மாத்தினதும் சத்தம் நின்னுச்சு, ஸ்டிக்கரும் அதையேதான் சொல்லுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? பாடம் நல்லா இருக்கு, ஆனா நான் எழுதினதை முழுசா படிச்சிட்டு எழுதியிருக்கலாம்.

பட்டர்வொர்த் லதா

சித்தப்பா மகன் சிங்கப்பூர்ல இருந்து தைப்பூசத்துக்குக் காடியிலயே வந்தான். தண்ணிமலை முருகன் கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி எண்ணெய் ஊத்தப் போனோம். அவன் நேரா 95 குழாயைத் தூக்கினான். உடனே ஸ்பீக்கர்ல கவுண்டர் பொண்ணு குரல், மலாய்ல, வெளிநாட்டு காடிக்கு 95 கிடையாதுன்னு. வரிசையில நின்னவங்க எல்லாரும் திரும்பிப் பார்க்கிறாங்க. அவன் முகம் சிவந்துடுச்சு. "அக்கா, என் காடி புத்தகத்துலயே 95-தான் போட்டிருக்கு, அங்கயும் 95-தான் ஊத்துறேன்"னு என்கிட்ட வாதாடுறான். நான் என்ன செய்வேன், அது எஞ்சின் விஷயம் இல்ல, மானிய விஷயம். 2010-ல இருந்தே அந்தத் தடை இருக்கு. யாரும் எல்லை தாண்டி வர்ற சொந்தக்காரங்களுக்கு முன்கூட்டியே சொல்றதில்ல. பண்டிகை நேரத்துல அவனை அப்படி நிக்க வெச்சுட்டியேன்னு சித்தி என்கிட்ட கோவிச்சுக்கிட்டாங்க. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

97 ஊத்திக்கிட்டு பினாங்கு பாலத்துல போகும்போது "காடி பறக்குதுக்கா"ங்கிறான். பிரிக்பீல்ட்ஸ் அண்ணன் மேல எழுதினதைப் படிச்ச பிறகு அவனுக்கு அனுப்பி வெச்சேன், இன்னும் பதில் இல்ல.

செராஸ் டிரைவர்

நான் கம்பெனி டிரைவர். முதலாளி காடி ஜெர்மன் டர்போ. மூடிக்குள்ள 98 நல்லது, குறைஞ்சது 95-ன்னு எழுதியிருக்கு. ஆபீஸ் கணக்கர் அம்மா 95-க்குத்தான் காசு கொடுப்பாங்க. குறைஞ்சதுன்னு போட்டிருக்கே, அது போதாதான்னு கேட்பாங்க. கெந்திங் மலை ஏறும்போது கோதோங் ஜெயா தாண்டினதும் பின்னால இருந்து முதலாளி, "என்னப்பா, காடி களைச்ச மாதிரி இருக்கு, சர்வீஸ் பண்ணினியா இல்லையா?"ன்னாரு. சர்வீஸ் நேரத்துக்குப் பண்ணியிருக்கேன், ரசீது டிராயர்லயே இருக்கு. கணக்கர் அம்மா பேரைச் சொல்ல எனக்கு மனசு வரல, பேசாம இருந்துட்டேன். என் வேலையைச் சந்தேகப்பட்டுட்டாரேங்கிறதுதான் வலிக்குது.

கெப்போங் வாசி

செராஸ் அண்ணே, நீங்க யார் பேரையும் சொல்ல வேணாம். மூடியில இருக்கிற ஸ்டிக்கரைப் படம் எடுங்க. சர்வீஸ் ரசீதையும் சேர்த்து முதலாளிக்கும் கணக்கர் அம்மாவுக்கும் ஒரே நேரத்துல வாட்சப்ல அனுப்புங்க. கூட ஒரே வரி எழுதுங்க: "கெந்திங் போற வாரத்துக்கு 97 ஊத்தவா?"