புதுப்பிப்பு: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர சாட்ஸ்வொர்த்தில் கடைக்குப் போனால் சைக்கிளை எங்கே பூட்டுவது?

காய்கறி வாங்க சைக்கிளில் போகிறேன், வணிக வளாகத்தில் ஸ்டாண்டே இல்லை, தள்ளுவண்டிக் கம்பியில் கட்டினால் காவலர் விரட்டுகிறார் என்று முன்பு எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வழி கிடைத்துவிட்டது. வளாக மேலாளரை நேரில் பார்த்துப் பேசினேன். வாசலுக்குப் பக்கத்தில், கேமரா பார்வையில் இருக்கும் இரும்புக் கம்பியில் பூட்டிக்கொள்ளச் சம்மதித்தார். நிரந்தர ஸ்டாண்ட் கேட்டு எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

பூட்டு விஷயத்தில் இங்கே ஒரு அண்ணன் சொன்னதுதான் சரி. மெல்லிய கேபிள் பூட்டைச் சின்ன கட்டரே வெட்டிவிடும். இப்போது யூ வடிவப் பூட்டு வாங்கி, பின்சக்கரத்தையும் பிரேமையும் சேர்த்துக் கம்பியோடு மாட்டுகிறேன். முன்சக்கரம் கையாலேயே கழற்றக்கூடிய வகை, அதனால் அதற்குத் தனிச் சங்கிலி. அப்புறம், பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். திருட்டுப் போனால் போலீஸ் புகாருக்கு மிகவும் உதவும்.

சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கும் பங்களாதேஷ் சந்தைக்குப் போகும்போது மட்டும் வேறு ஏற்பாடு. அந்தக் கூட்டத்தில் தனியாக விட மனமில்லை. வழக்கமாகக் கீரை வாங்கும் அம்மா தன் கடைக்குப் பின்னால் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். நல்ல மனசு!

டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸ் பக்கம் சைக்கிள் நிறுத்தப் பத்திரமான இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அடுத்து அங்கேதான் போக வேண்டியிருக்கிறது.