எல்டிஹெச் 2,140 என்றால் நம்பிக்கை இல்லை என்றா அர்த்தம்?

அக்கா பையனுக்கு 6 வயது. வயிற்றில் கட்டி, பயாப்சியில் பர்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று வந்துவிட்டது. நேற்றைய ரத்த ரிப்போர்ட்டில் எல்டிஹெச் என்ற என்சைம் 2,140, பக்கத்தில் மேல் வரம்பு 300 என்று போட்டிருக்கிறது. இந்த என்சைம் ஏறினால் நோய் முற்றிவிட்டது என்று வார்டில் யாரோ சொல்ல, அப்போதிலிருந்து அக்கா சாப்பிடவே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1
லேபில் வேலை செய்கிறேன். சிவப்பணுக்களுக்குள்ளேயே எல்டிஹெச் நிறைய உண்டு, குழந்தை திமிறி ஊசி சரியாக ஏறாமல் அணுக்கள் உடைந்தால் அளவு பொய்யாகக் கூடும். சாம்பிள் 'ஹீமோலைஸ்டு' (சிவப்பணுக்கள் உடைந்தது) என்று குறிப்பு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஆனாலும் 2,140 முழுவதும் அதனால் வந்திருக்காது.

பதில் 2
தம்பி, நான் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நர்ஸ். பர்கிட் கட்டி ஓரிரு நாளில் இரட்டிப்பாகிற வேகம் கொண்டது. செல்கள் பெருகிப் பெருகிச் சாகும்போது உள்ளே இருக்கும் என்சைம் ரத்தத்தில் கலக்கிறது, அதனால் எல்டிஹெச் சொல்வது கட்டி எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான், பிள்ளை பிழைப்பானா மாட்டானா என்பதை அல்ல. மூன்றாம் நிலையில் இது மேல் வரம்பைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் அதிக ஆபத்துப் பிரிவில் சேர்ப்பார்கள், அப்படிச் சேர்ப்பதே மருந்தைக் கூட்டிக் கொடுக்கத்தான். அந்தப் பிரிவுக் குழந்தைகளிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு 2020இல் வெளிவந்தது: கீமோவோடு ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தும் சேர்த்தவர்களில் 3 ஆண்டுகள் நோய் முற்றாமலும் திரும்பாமலும், வேறு புற்றுநோயோ மரணமோ நேராமலும் இருந்தவர்கள் 93.9 சதவீதம், சேர்க்காதவர்களில் 82.3. இதை அக்காவிடம் படித்துக் காட்டுங்கள்.

இப்போது உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. இவ்வளவு எல்டிஹெச் இருந்தால் மருந்து ஏறியதும் கட்டி மளமளவென்று உடையும், யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதனால்தான் முதலில் லேசான மருந்தும் நிறைய டிரிப்ஸும் போடுவார்கள். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் ரஸ்புரிகேஸ் மருந்து போடுவார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள், மூத்திர அளவை மணிக்கணக்கில் குறித்துவையுங்கள்.

பதில் 3
என் மகளுக்கும் இதே நோய்தான், எல்டிஹெச் இதைவிட அதிகம். இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறாள். அக்காவை முதலில் சாப்பிட வையுங்கள்.

கேட்டவர்
மறுபடி எடுத்ததில் 1,960. டிரிப்ஸ் ஓடுகிறது, காலையில் முதல் மருந்தும் போட்டாயிற்று. அக்கா இரண்டு இட்லி சாப்பிட்டாள், நோட்டில் மூத்திர அளவு எழுதிக்கொண்டிருக்கிறாள்.