ரிமோட் மெஷின்ல விண்டோஸ் 11 இருந்தும் ஸ்கிரிப்ட் 10னு காட்டுது, ஏன்?

கோரமங்களா_அட்மின்:
வணக்கம் மக்களே. பெங்களூர்ல ஒரு சின்ன கம்பெனில சிஸ்டம் அட்மின் வேலை, ஆபீஸ் கோரமங்களால, குடோன் பீன்யால, மொத்தம் 180 மெஷின். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து இன்னும் எது எதுல 10 ஓடுதுனு மேனேஜர் லிஸ்ட் கேட்டு உயிர எடுக்குறாரு. ஒவ்வொரு சீட்டா போய் வெர்ஷன் காட்டுற வின்வெர் கமாண்ட் அடிச்சுப் பாக்கவா முடியும், பீன்யா போயிட்டு வந்தாலே அரை நாள் காலி. அதான் ஒரு பேட்ச் ஃபைல் எழுதி மெஷின் பேரெல்லாம் லூப்ல விட்டு, விண்டோஸ் தன் செட்டிங்ஸ சேத்து வைக்கிற ரிஜிஸ்ட்ரில இருந்து விண்டோஸ் பேரு இருக்குற புராடக்ட்நேம் எடுத்தேன். வந்தது பூரா விண்டோஸ் 10 ப்ரோ! மேனேஜர் லேப்டாப்புக்கு நானே தான் 11 போட்டேன், அதுவும் 10னு வருது. இதுல ஒரு நாப்பது மெஷின் நெட்வொர்க் பாத் கிடைக்கலனு எரர் வேற.

பழைய_சர்வர்காரன்:
உங்க ஸ்கிரிப்ட் மேல தப்பே இல்ல தம்பி, அந்த புராடக்ட்நேம் தான் பொய் சொல்லுது. 11லயும் மைக்ரோசாஃப்ட் அத மாத்தாம அப்படியே விட்டுட்டாங்க, வெர்ஷனும் 10.0 தான். பேர விடுங்க, கரண்ட்பில்ட் நம்பர் எடுங்க. 22000ம் அதுக்கு மேலயும்னா 11. 19045னா 10ஓட கடைசி பெரிய அப்டேட், 22எச்2.
எரர் வர்ற மெஷின்ல ரிமோட் ரிஜிஸ்ட்ரி சர்வீஸ் ஓடாம இருக்கும், இல்லனா மெஷினே ஆஃப்ல இருக்கும்.

பவர்ஷெல்_பைத்தியம்:
ப்ரோ பேட்ச் ஃபைல கட்டி வச்சிட்டு விண்டோஸோட கமாண்ட் கருவி பவர்ஷெல்லுக்கு வாங்க. கெட்-சிம்இன்ஸ்டன்ஸ்ல வின்32_ஆப்பரேட்டிங்சிஸ்டம் கேட்டா கேப்ஷன்ல 11னு ஒழுங்கா வரும், பில்ட் நம்பரும் கூடவே வந்துரும். ஆனா அது வின்ஆர்எம்ங்குற ரிமோட் சர்வீஸ் வழியா போர்ட் 5985ல போகும், கிளையன்ட் விண்டோஸ்ல அது தானா ஆன்ல இருக்காது, அதனால அங்க அடி வாங்குனா சிம் செஷன் ஆப்ஷன்ல புரோட்டோகால டிகாம்ங்குற பழைய முறைக்கு மாத்தி திரும்ப கேளுங்க, போர்ட் 135ம் அதுக்கப்புறம் வர்ற டைனமிக் போர்ட்டும் ஃபயர்வால்ல திறந்திருக்கணும். இன்னொண்ணு, சர்வர் இருந்தா புராடக்ட்டைப்பையும் எடுத்துக்கங்க, 1னா கிளையன்ட், 2 டொமைன் கன்ட்ரோலர் (ஆபீஸ் மெஷின்கள மொத்தமா நிர்வகிக்கிற சர்வர்), 3 சர்வர். ஏன்னா சர்வர் 2025க்கும் 11 24எச்2க்கும் ஒரே பில்ட், 26100. நான் இதுல ஏமாந்து ஒரு சர்வர டெஸ்க்டாப் கணக்குல சேத்து மீட்டிங்ல அசிங்கப்பட்டிருக்கேன்.

பழைய_சர்வர்காரன்:
டொமைன்ல தான இருக்கீங்க? டொமைன் பட்டியல்ல இருந்து மெஷின் விவரம் எடுக்குற கெட்-ஏடிகம்ப்யூட்டர் ஓட்டுனா மெஷின் ஆஃப்ல இருந்தாலும் கடைசியா எழுதி வச்ச வெர்ஷன் கிடைக்கும். என்ன, தூக்கிப் போட்ட மெஷினும் பேயா உள்ள உக்காந்திருக்கும், லாஸ்ட்லாகான் (கடைசியா லாகின் ஆன தேதி) பாத்து வடிகட்டுங்க. வீட்ல இருந்து வேலை பாக்குறவங்க லேப்டாப்ப நாம தேடிப் போகாம, ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் போட்டு அதுவே ஒரு ஷேர் ஃபோல்டர்ல பில்ட் நம்பர எழுதுற மாதிரி வைங்க. ஷேர்ல டொமைன் கம்ப்யூட்டர்ஸுக்கு ரைட் பர்மிஷன் குடுக்க மறந்துடாதீங்க, அங்க தான் எல்லாரும் சொதப்புவாங்க.

கோரமங்களா_அட்மின்:
ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி அண்ணா. பில்ட் நம்பர் வச்சுப் பாத்தா பாதிக்கு மேல 11 தான். டிகாம்ல ஒண்ணு மட்டும் 7601னு வந்துச்சு, பாத்தா விண்டோஸ் 7! பீன்யால லேபிள் பிரிண்டரோட கட்டி வச்சிருக்கானுங்க. போன் போட்டு கேட்டா சூப்பர்வைசர் "முட்டபேடி சார்"ங்குறாரு, அதாவது கன்னடத்துல தொடாதீங்கனு. மேனேஜர் லிஸ்ட்ல அத எந்த நெடுவரிசைல போடுறதுனு தான் இப்ப யோசனை.