பொருள்: கட்டளை வரியில் வரும் பைப்புக்குச் சொல் – குழாயா, தூம்பா?

திருச்சியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கான லினக்ஸ் ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கோப்பு, அடைவு, முனையம் எல்லாம் சிக்கலில்லை. ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாக அனுப்ப, இரண்டு கட்டளைகளுக்கு நடுவே போடும் அந்தச் செங்குத்துக் கோட்டில்தான், அதாவது பைப்பில்தான், நிற்கிறேன். பாடத்தில் உள்ள வரி இது: வழங்கியின் (சர்வர்) பதிவுக் கோப்பிலிருந்து கட் கொண்டு முகவரிகளை மட்டும் எடுத்து, வரிசைப்படுத்தும் சார்ட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து ஒரே மாதிரி வரிகளை எண்ணும் யுனிக் மைனஸ் சி, எண்ணிக்கையைப் பெரியதிலிருந்து அடுக்க மறுபடி சார்ட் மைனஸ் என்ஆர், கடைசியில் முதல் சில வரிகளை மட்டும் தரும் ஹெட். எந்த முகவரியிலிருந்து அதிகம் வருகிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும். யுனிக் அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரி வரிகளைத்தான் சேர்க்கும், அதனால் முன்னால் சார்ட் கட்டாயம் என்றும் விளக்கவேண்டும். பெயராகவும் வினையாகவும் நிற்கும் ஒரு சொல் தாருங்கள்.

கோவையிலிருந்து:

குழாய்தான் அம்மா, வேறென்ன. டக்ளஸ் மெக்கில்ராய் 1964-இல் பெல் ஆய்வகத்தில் எழுதிய குறிப்பிலேயே, தோட்டத்துக் குழாயைத் துண்டு துண்டாகத் திருகி நீட்டுவதுபோல நிரல்களை இணைக்க வழி வேண்டும் என்றுதான் கேட்டார். 1973-இல் கென் தாம்சன் அதை லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் செய்து கொடுத்தார். வினைக்கு ‘குழாயிடு’. முடிந்தது.

மதுரையிலிருந்து:

முடியவில்லை ஐயா. குழாய் என்றதும் நம் பிள்ளைகளுக்குத் தோன்றுவது தெருவில் குடம் வைக்கும் குழாய், அதாவது திறந்து மூடும் முனை. நமக்கு வேண்டியது இரண்டு பக்கமும் திறந்த உள்துளை. அதற்குத் தூம்பு என்ற சொல் இருக்கிறது. மலைபடுகடாம் தொடக்கத்தில் வரும் ‘களிற்றுயிர்த் தூம்பு’ யானை மூச்சுவிடுவதுபோல் ஒலிக்கும் நீண்ட இசைக்கருவி. ஏரிகளில் நீர் திறந்துவிட இருப்பது குமிழித்தூம்பு. தும்பிக்கை, தும்பி எல்லாம் இதே வேர் என்பது என் துணிபு, தும்மலையும் சேர்க்கலாம். இன்னொன்று, ஏரித் தூம்பு நீரை அளந்துதான் விடும். லினக்ஸிலும் பைப்பின் இடையகம் (தரவு தற்காலிகமாகத் தங்கும் இடம்) வழக்கமாக 65,536 பைட்டுதான், அது நிறைந்தால் எழுதுகிற நிரல் காத்திருக்கும். வெறும் குழாயில் இந்த அளவு கிடையாது.

சென்னையிலிருந்து:

தும்மல் வரை போகவேண்டாம் அண்ணா, அது ஒலிக்குறிப்பு. ஆனால் காத்திருத்தல் பற்றிச் சொன்னது சரியான இடம், கையேட்டில் அவசியம் வரட்டும். இன்னொரு பக்கமும் இருக்கிறது: ஹெட் பத்து வரி வாங்கிக்கொண்டு போய்விட்டால், எழுதிக்கொண்டிருக்கும் நிரலுக்குக் கருவகம் (கெர்னல்) சமிக்ஞை அனுப்பும், பெரும்பாலும் அது அங்கேயே நின்றுவிடும். சில நிரல்கள் மட்டும் ‘புரோக்கன் பைப்’ என்று அழும். அதை ‘குழாய் உடைந்தது’ என்றால் மாணவனுக்குப் புரியும், ‘தூம்பு உடைந்தது’ என்றால் அகராதி தேடுவான். அப்புறம் பல பைப்புகள் தொடரும் பைப்லைனை என்ன சொல்வீர்கள்? இரும்பு இருப்புப்பாதை ஆனதுபோல, தூப்புத்தொடரா?

மதுரையிலிருந்து:

தூம்புத்தொடர். நன்னூலே ‘மென்றொடர் மொழியுட் சில’ என்றுதான் சொல்கிறது, எல்லாம் இருப்பு போல வல்லினம் இரட்டிக்கும் வன்றொடராக வேண்டியதில்லை. வண்டுக்கால் என்கிறோம், வட்டுக்கால் என்கிறோமா? புரியாத சொல் என்பது பழகாத சொல்தான். கணினி என்ற சொல்லும் ஒரு காலத்தில் பழகாததுதானே.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட பக்கம் குழாய்க்கிணறும் உண்டு, குழாய்நீரும் உண்டு, ஆகவே முனை என்ற மயக்கம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் நான் ‘பைப்’ என்றே எழுதச் சொல்வேன். தொல்காப்பியர் வடசொல்லுக்கே வடவெழுத்து நீக்கி எழுதலாம் என்று வழிவிட்டவர். வேலைக்குப் போகும் பிள்ளை அங்கே கேட்கப்போவது பைப்தான். சரி, குழாய் என்றே வைத்தாலும், வருவதைத் திரையிலும் கோப்பிலும் ஒருசேர எழுதும் டீ கட்டளைக்கு என்ன செய்வீர்கள்? அதைப் பாடத்தில் விடமுடியாது. உரையை வெளியிடும் எக்கோவுக்கு முன், நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டு, கோப்பின் கடைசியில் சேர்க்கும் இரட்டை அம்புக்குறியால், நிர்வாகி மட்டும் மாற்றக்கூடிய ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதப் பார்த்தால் அனுமதி இல்லை என்று வரும், ஏனென்றால் கோப்பைத் திறப்பது எக்கோ அல்ல, கட்டளைகளை வாங்கி இயக்கும், எங்கள் கணக்கில் ஓடும் ஷெல். எக்கோவை சூடோ டீ மைனஸ் ஏ-வுக்குள் விட்டால் வேலை நடக்கும்.

கோவையிலிருந்து:

டீ என்பது குழாய் வேலைக்காரர்கள் சொல்லும் அதே டீ, ஒரு வரத்து இரண்டு போக்கு. கட்டளையின் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம், விளக்கத்தில் ‘கவைக்குழாய்’ என்று எழுதுங்கள். கவைக்கோல் எல்லாருக்கும் தெரியும்.

திருச்சியிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நாளைக் காலை அச்சகத்துக்கு அனுப்பவேண்டும், அதனால் குழாய், குழாயிடு, குழாய்த்தொடர் என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘பைப் எனப்படும் குழாய்’. டீ பத்தியில் கவைக்குழாய்.

மதுரையிலிருந்து:

அச்சாகட்டும் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் பெயரிட்ட பைப்புக்கு இன்னும் யாரும் சொல் தரவில்லை. எம்கேஃபிஃபோ கட்டளையில் உருவாகி, அழிக்கும்வரை அடைவிலேயே கிடக்கும் அதற்காவது தூம்பு என்று வைக்க என்ன தடை? இரண்டாம் பதிப்புக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.