அப்டேட், அப்கிரேடு: இரண்டுக்கும் ‘புதுப்பி’ போதுமா?

வணக்கம்.

மடிக்கணினிக்கான டெபியன் (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) கையேட்டின் தமிழாக்கத்தில் அப்டேட், அப்கிரேடு இரண்டுமே ‘புதுப்பி’ என்று வந்திருக்கின்றன. இதை மாற்றியே ஆகவேண்டும். ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ கட்டளையைக் கொடுத்தால் ஒரு பொதிகூட (மென்பொருள் தொகுப்பு) மாறாது; ஆப்ட் என்பது பொதிகளை நிறுவும் கருவி. பொதிகள் வரும் களஞ்சியத்தில் இப்போது எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற பட்டியல் மட்டுமே இறங்கும். அதைப் பார்த்து நிறுவுவது ‘ஆப்ட் அப்கிரேடு’. முதல் கட்டளையோடு நிறுத்திக்கொண்டவர் எல்லாம் முடிந்ததென்று நம்பிவிடுவார். உலாவியின் பாதுகாப்பு ஓட்டை அப்படியே கிடக்கும்.

என் பரிந்துரை: அப்டேட் – பட்டியலைப் புதுப்பி, அப்கிரேடு – மேம்படுத்து.

———

> அப்கிரேடு – மேம்படுத்து

முதலாவது சரி, இதற்கு உடன்பாடில்லை. டெபியன் நிலைப்பதிப்பில் (ஸ்டேபிள்) வருபவை பெரும்பாலும் பிழைத்திருத்தங்கள்தாம். மேம்படுத்து என்றால் புது வசதியை எதிர்பார்ப்பார்கள். ‘பொதிகளை இற்றைப்படுத்து’ என்போம்.

டெபியன் 12-இலிருந்து 13-க்குப் போவதைப் ‘பதிப்பேற்றம்’ எனத் தனியே பிரிக்கலாம். அது வேறு வேலை. 12-ஐ முழுக்க இற்றைப்படுத்தி, களஞ்சிய முகவரிகள் உள்ள மூலக்கோப்பில் ‘புக்வோர்ம்’ (12-இன் பெயர்) என்றிருப்பதையெல்லாம் ‘டிரிக்சி’ (13-இன் பெயர்) ஆக்கி, பட்டியலைப் புதுப்பித்து, அதன்பிறகே ஏற்ற வேண்டும். 11-இலிருந்து நேரே 13-க்குத் தாவக்கூடாது. கர்னல் (இயங்குதளத்தின் கரு) இருக்கும் பூட் வட்டில் தனிப்பிரிவாக இருந்தால் சுமார் 300 எம்பி காலியிடம் வேண்டும். பழைய கர்னல்கள் அடைத்துக்கொண்டிருந்தால் பாதியில் நிற்கும். மின்னிணைப்பைச் செருகிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். நடுவில் அணைந்துபோனால் ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

———

‘இற்றைப்படுத்து’, ‘பதிப்பேற்றம்’ இரண்டையும் ஏற்கிறேன். ஃபுல்-அப்கிரேடுக்கு மட்டும் ‘முழு’ என்ற அடைமொழி வேண்டாம். முழுமையானதுதானே நல்லது என்று எல்லோரும் அதையே தட்டுவார்கள். சாதாரண அப்கிரேடு நிறுவிய எதையும் நீக்காது. ஒன்றை இற்றைப்படுத்த இன்னொன்றை நீக்கினால்தான் வழி என்றால் முதலாவதை அப்படியே விட்டுவிடும். ஃபுல்-அப்கிரேடு நீக்கிவிட்டு மேலே போகும். ஆகவே ‘நீக்கியும் இற்றைப்படுத்து’. நீளம்தான், ஆனால் எச்சரிக்கை சொல்லிலேயே இருக்கிறது.

அப்படி ஆப்ட் தானே விட்டுவைக்கும் ‘கெப்ட் பேக்’ பொதிகளும், நாம் ‘ஆப்ட்-மார்க் ஹோல்டு’ கொடுத்துத் தடுத்தவையும் கையேட்டில் ‘நிறுத்திவைத்தவை’ என்றே இருக்கின்றன. முன்னது ‘தள்ளிவைத்தவை’, பின்னது ‘பூட்டியவை’ ஆகட்டும். தள்ளிவைத்தது, சார்புகள் (அதற்குத் தேவையான மற்ற பொதிகள்) சரியானதும் தானாக வந்துவிடும். பூட்டியது ‘அன்ஹோல்டு’ கொடுக்கும்வரை அசையாது.

‘நீக்கியும் இற்றைப்படுத்து’ வரும் இடத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: ‘ஒய்’ தட்டுமுன் நீக்கப்படுபவற்றின் பட்டியலைப் படியுங்கள், 13-இல் அது சிவப்பில் தெரியும். க்னோம் போன்ற மேசைச்சூழலின் பெயர் அதில் இருந்தால் ‘என்’ தட்டி வெளியேறுங்கள்.