கேம் மோடு போட்டா இரைச்சல் அடங்குமாம்!

தறிமேட்டான், நகரி
வாட்ஸாப்ல சுத்துற அந்தக் காணொளிய இங்கயும் நாலு பேர் கட்டைவிரல் தூக்கி வரவேத்திருக்கீங்க. "கேம் மோடு போட்டா ஏஎன்சி வேகமாகும், தறிச்சத்தமும் காணாமப் போகும்"னு ஒருத்தர் அடிச்சு விடறார். ஏஎன்சின்னா இயர்போன் வெளி இரைச்சலுக்கு எதிரலை விட்டு அடக்கற வசதி. கேம் மோடு குறைக்கிறது போன்ல இருந்து காதுக்கு வர்ற புளூடூத் பஃபர, அதாவது சத்தத்தைச் சேத்து வெச்சு விடற நேரத்த. படத்துல உதடும் குரலும் ஒட்டறதுக்கு அது. இரைச்சல் நீக்கம் போன் பக்கமே எட்டிப் பாக்காது. வெளி மைக், சிப்பு, ஸ்பீக்கர், முடிஞ்சது. மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல 1.5 செ.மீ., சத்தம் நொடிக்கு 343 மீட்டர். 44 மைக்ரோசெகண்டுக்குள்ள எதிரலை தயாரா நிக்கணும். மில்லி இல்ல, மைக்ரோ.

கணவாய்க்காத்து, கொழிஞ்சாம்பாறை
343 எந்த ஊர் கணக்குங்க? அது 20 டிகிரிக்கு. பாலக்காட்டு ஏப்ரல்ல 40 டிகிரி, அப்ப 355 மீட்டர். 42.3 தான் வரும். ஊரைத் திருத்தக் கிளம்பினவரு மொதல்ல சொந்தக் கணக்கைத் திருத்திக்கட்டும்.

தறிமேட்டான், நகரி
வந்துட்டாருய்யா தெர்மாமீட்டர். வித்தியாசம் 1.4 மைக்ரோசெகண்ட். 1 கிலோஹெர்ட்ஸ்ல அரை டிகிரி ஃபேஸ், அலை விலகறது அவ்வளவுதான். அந்த ஒரு தப்பு மட்டும் இருந்தா 41 டெசிபல் வரைக்கும் அடக்கலாம். நல்ல பீஸே 30 தாண்டத் திணறுது. ஆனா 100 மைக்ரோசெகண்ட் பிந்தினா அதே 1 கிலோஹெர்ட்ஸ்ல கிடைக்கிறது வெறும் 4 டெசிபல், 1667 ஹெர்ட்ஸுக்கு மேல போனா ஏஎன்சியே சத்தத்தைக் கூட்டும்.

தாமதம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு கேளுங்க. சாதா கோடெக் (சத்தத்தை எண்ணாக்கி மறுபடி சத்தமாக்கற சிப்பு) 48 கிலோஹெர்ட்ஸ்ல ஓடுது, ஒரு சாம்பிள் 20.8 மைக்ரோசெகண்ட். ஏடிசிக்குள்ள (சத்தத்தை எண்ணாக்கற பகுதி) இருக்கிற, சாம்பிளைக் குறைக்கிற டெசிமேஷன் ஃபில்டர் லீனியர் ஃபேஸா (எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவு பிந்த வைக்கிற வகை) இருந்தா, அதுலயே பத்துப் பதினஞ்சு சாம்பிள் போயிடும். அப்புறம் 64 சாம்பிளா சேத்து வெச்சு பிராசஸ் பண்ணினா, சேக்கவே 1.33 மில்லிசெகண்ட். அதனாலதான் ஏஎன்சி சிப்பு 384, 768 கிலோஹெர்ட்ஸ்ல ஓடும், சேத்து வைக்கிற பிளாக்கே கிடையாது, சாம்பிள் சாம்பிளா ஓடற ஐஐஆர் பைக்வாட்ங்கிற சின்ன ஃபில்டர்தான். அனலாக் டிவைசஸோட ஏடிஏயு1787 சிப்புல சத்தம் உள்ள போய் வெளிய வர 5 மைக்ரோசெகண்ட்.

கணவாய்க்காத்து, கொழிஞ்சாம்பாறை
இத்தனை நீட்டினீங்க. 343 தப்புன்னு ஒரு வரி வரலையேங்க.

செவிப்பறை, புத்தூர்
தறிமேட்டண்ணே, ஏஎன்சிக்கு சரி. காது மெஷினுக்கும் இதே மைக்ரோசெகண்ட் பாட்டைப் பாடாதீங்க. அங்க எஃப்எஃப்டி (சத்தத்தை அதிர்வெண் வாரியாப் பிரிக்கிற கணக்கு) 128 புள்ளி, 16 கிலோஹெர்ட்ஸ், ஒரு தடவைக்கு எடுக்கிற ஜன்னலே 8 மில்லிசெகண்ட். சின்னதாக்கினா தாமதம் குறையும், ஆனா பேண்ட் 125 ஹெர்ட்ஸ்ல இருந்து 250க்கு அகலமாகி, பேச்சையும் இரைச்சலையும் பிரிக்கிறது மட்டமாகும். ஓபன் டோம் (காதை முழுசா அடைக்காத முனை) போட்டவங்களுக்கு நேரா வர்ற சத்தமும் மெஷின் சத்தமும் கலந்து, 6 மில்லிசெகண்டுன்னா 167 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் விழும். தன் குரலே டப்பாக்குள்ள பேசற மாதிரி கேக்கும். வைடெக்ஸ் கம்பெனி 2020-ல மொமென்ட் மாடல்ல 0.5 மில்லிசெகண்டுக்குக் கொண்டு வந்தது இதுக்குத்தான்.

தறிமேட்டான், நகரி
நான் காது மெஷினைப் பத்திப் பேசவே இல்லையே. ஈயர்டிப் திரியிலயும் இப்படித்தான் நடுவுல பூந்தீங்க.

செவிப்பறை, புத்தூர்
ஈயர்டிப் திரியில கசிவு இருந்தா பாஸ் (தாழ்ந்த சத்தம்) அடங்காதுன்னு சொன்னது யாரு? நான். அதை மறுநாள் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்து விட்டது யாரு?

வாளையார் செக்போஸ்ட்
"தாமதம்"னு எழுதாம "சுணக்கம்"னு எழுதலாமே. நல்ல தமிழ்ச் சொல் கிடக்கு.

கணவாய்க்காத்து, கொழிஞ்சாம்பாறை
தாமதமோ சுணக்கமோ, 355 தான். காதுக்குள்ள காத்து ஏறத்தாழ உடம்புச் சூட்டுல இருக்கும். அங்கயும் 343 செல்லாது.

தறிமேட்டான், நகரி
சேட்டா, 355-ஐ ஃபிரேம் போட்டு மாட்டிக்குங்க. வேலை தெரிஞ்சவங்களுக்கு ஒரு சோதனை. காது மாதிரி 2 சிசி கப்ளர்ல (சோதனைக்கான சின்னக் குழி) அளவு மைக்கை வெச்சு, இயர்போனைக் கசிவில்லாம மாட்டுங்க. 1 மீட்டர் தள்ளி ஸ்பீக்கர்ல பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த இரைச்சல்). ஏஎன்சி ஆஃப், ஆன், ரெண்டையும் பதிஞ்சு கழிச்சுக் கோடு போட்டா, அடங்கறது நின்னு கூட ஆரம்பிக்கிற புள்ளி தெரியும். அந்த ஹெர்ட்ஸை 6-ஆல பெருக்கி, அதால 1-ஐ வகுங்க. 1200-ல கடந்தா 139 மைக்ரோசெகண்ட் பிந்துது. கேம் மோடு போட்டு மறுபடி அளங்க. கோடு அசையாது.

செவிப்பறை, புத்தூர்
கோடு அசையாது, ஒத்துக்கறேன். 139 மட்டும் செல்லாதுண்ணே. 1 கிலோவுக்கு மேல ஃபில்டர் கெய்னையே (எதிரலையோட பலத்தையே) இறக்கி வெச்சிருப்பாங்க, அளவும் பொருந்தாம ஃபேஸும் பொருந்தாம கிடக்கும். போதாக்குறைக்கு காதுக்குள்ள மிஞ்சினதைக் கேட்டுத் திருத்தற உள் மைக் ஃபீட்பேக் வேற. ஸ்பீக்கரை மறு பக்கம் நகத்தினாலே புள்ளி மாறும். சத்தம் வெளி மைக்குக்கு முன்னாடியே காதை எட்டினா 44ங்கிற அவகாசமே கிடையாது.

தறிமேட்டான், நகரி
தறி நாடா அடிக்கிற 'டக்'ல கிலோஹெர்ட்ஸ் கணக்குல சரக்கு இருக்கு. அதை எந்த ஏஎன்சியும் அடக்காது, ஃபோம் அடைப்புதான் அடக்கும். ஷெட்டுல ஏஎன்சியை மட்டும் நம்பி நின்னா காது போயிடும். இதைப் பேசுவீங்கன்னு பாத்தா, ஃபில்டர் கெய்னாம்.

வாளையார் செக்போஸ்ட்
ஆடி மாசம் கணவாய்ல பைக் ஓட்டினா ஏஎன்சி ஹோன்னு கத்துதே, அதுவும் சுணக்கமா?

தறிமேட்டான், நகரி
இல்ல. காத்து மைக் துளையில சுழிக்கிறது, அந்தச் சத்தம் செவிப்பறைக்கு வரவே இல்ல. இல்லாத சத்தத்துக்கு எதிரலை விட்டா அதுவே புது இரைச்சல். விண்ட் மோடு வெளி மைக்கை அணைச்சிட்டு உள் மைக்கை மட்டும் வெச்சு ஓட்டும். ஆனா அதைப் போட்டுக்கிட்டு ரோட்டுல பைக் ஓட்டாதீங்க, லாரி ஹார்ன் கேக்காது.

கணவாய்க்காத்து, கொழிஞ்சாம்பாறை
ஆடிக்காத்துல 28 டிகிரிங்க. 348.

தறிமேட்டான், நகரி
யாராவது இவரை மியூட் பண்ணுங்கப்பா.

கணவாய்க்காத்து, கொழிஞ்சாம்பாறை
பண்ணுங்க. மேல இன்னும் 343-னே எழுதியிருக்கு.