உதிர்ந்த இலைல செடி வந்த கதை, உங்களுக்கு எப்படி?

பால்கனிக்காரி:
போன தை மாசம் கொரியர்ல எச்சிவேரியா ஒண்ணும் கோஸ்ட் பிளான்ட் ஒண்ணும் வரவழைச்சேன், ரெண்டுமே சதைப்பத்தான இலை உள்ள சக்குலன்ட் செடி, பெட்டிய பிரிச்சா பாதி இலை கழண்டு அடில கெடக்கு. தூக்கிப்போட மனசு வரல. ஸ்வீட் டப்பா மூடில ஆத்து மணல், கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) கலந்து பரப்பி இலையெல்லாம் வரிசையா அடுக்கினேன், எங்கம்மா வந்து பாத்துட்டு என்னடி வத்தல் காயப்போட்டிருக்கியான்னு கேட்டாங்க. அன்னைக்கே தண்ணி தெளிச்சதுதான் தப்பு. இலை கழண்ட வாய், அதாவது தண்டுல ஒட்டியிருந்த முனை, காயாம ஈரம் பட்டா அழுகிடும், நாலாம் நாளே எச்சிவேரியா இலை அத்தனையும் கொழகொழன்னு ஆயிடுச்சு, சென்னை புழுக்கம் வேற. கோஸ்ட் பிளான்ட் கெட்டி உசுரு, 11ல 8 பொழைச்சுது. இப்பல்லாம் மூணு நாலு நாள் நிழல்ல பேப்பர் மேல போட்டு வாய் காய்ஞ்சப்புறம்தான் மண்ணுல வைக்கறேன். 15 நாள்ல ரோஸ் கலர்ல நூலாட்டம் வேர், அப்புறம் கடுகளவு குட்டி. பழைய இலை சுருங்குதேன்னு பிய்ச்சிடாதீங்க, குட்டி அதுல இருக்கறத உறிஞ்சித்தான் வளருது, தானா சருகாகி விழட்டும்.

கோவைக்காரன்:
நான் ஏமாந்தது ஜேட் செடிலங்க. நர்சரில ஜேட்னு குடுத்தாங்க, இலைய வச்சு மூணு மாசம் காத்திருந்தேன், வேர் மட்டும் விட்டுச்சு, குருத்தே வரல. அப்புறம்தான் தெரிஞ்சுது அது போர்ட்டுலக்கேரியாங்கற வேற செடி, நம்மூர்ல பாதி இடத்துல அதத்தான் ஜேட்னு விக்கறாங்க. நெஜ ஜேட்டுக்கு கிராசுலான்னு பேரு, இலை பெருசா தடியா இருக்கும், அது இலைலயே வரும். போர்ட்டுலக்கேரியாவுக்கு குச்சி ஒடிச்சு வைக்கறதுதான் சரி, விரல் நீளம் போதும், ரெண்டு மூணு வாரத்துல பிடிச்சிருச்சுங்க.

மொட்டைமாடி:
ஸ்நேக் பிளான்ட் மஞ்சக்கரை வச்சது அழகா இருக்கேன்னு இலைய துண்டு துண்டா வெட்டி நட்டேன், எல்லாம் நல்லா வந்துச்சு ஆனா ஒண்ணுல கூட மஞ்சக்கரை இல்ல, மொத்தமும் பச்சை 😭 கரை வேணும்னா கிழங்க பிரிச்சுத்தான் வைக்கணுமாம். வெட்டின துண்ட தலைகீழா நட்டா வேரே விடாது, அதையும் பண்ணிப் பாத்தாச்சு.

நெல்லைப் பொண்ணு:
நீங்கல்லாம் காசு குடுத்து வாங்கி பாடுபடுறீங்க, எங்க ஆச்சி வீட்டுல ரணகள்ளி இலைய நூல்ல கட்டி சுவத்துல தொங்க விடுவாவ, மண்ணும் இல்ல தண்ணியும் இல்ல, இலை ஓரத்துப் பள்ளத்துல எல்லாம் குட்டி முளைச்சு நிக்கும். அதான் அதுக்கு கட்டிப்போட்டா குட்டிபோடும்னே பேரு. ஸ்கூல்ல நோட்டுக்குள்ள வச்சு யாருக்கு மொதல்ல முளைக்குதுன்னு போட்டி வேற.

பால்கனிக்காரி:
அய்யோ அந்த இலைல ஒண்ணு வேணுமே. எங்கிட்ட கோஸ்ட் பிளான்ட் குட்டி 8 இருக்கு, மாத்திக்கலாமா?